முப்பதாவது கோடு

அந்த வருஷம் எங்கள் பக்கத்தில் இரண்டு இட ஒதுக்கீட்டுப் போராட்டங்கள் நடந்தன. ஒன்று ஊரறிந்தது. சங்கராபுரம் ரோட்டில் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்து, ஒரு வாரம் பஸ்ஸே வராமல் செய்த போராட்டம். இன்னொன்றை நான் நடத்தினேன். அது எங்கள் வீட்டுப் பின்தாழ்வாரத்தைத் தாண்டிப் போகவில்லை. எனக்கு அப்போது பதினொரு வயது. பெரிய போராட்டத்துக்கு என்ன கிடைத்தது, எவ்வளவு கிடைத்தது என்று பெரியவர்கள் பல வருஷம் பேசிக்கொண்டிருந்தார்கள். என்னுடைய போராட்டமோ ஒரே நாளில் வெற்றி பெற்றது. அந்த வெற்றியை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு முகம் சுருங்கிவிடும்.

எங்கள் ஊரில் எங்கே நின்று பார்த்தாலும் கல்வராயன் மலை தெரியும். வீட்டுக்குள் மட்டும் எங்கே நின்றாலும் யாராவது ஒருவர் முதுகுதான் தெரியும். அப்பா, அம்மா, பெரியப்பா, பெரியம்மா, பெரியப்பாவின் இரண்டு பையன்கள், நான். இத்தனை பேருக்கும் ஓர் உள்கூடம், ஒரு சமையற்கட்டு, பின்னால் ஒரு தாழ்வாரம், அதற்கப்புறம் திறந்த பின்வாசல், வாசலின் அந்தக் கோடியில் மாட்டுக்கொட்டாய். மரவள்ளி பிடுங்கும் காலத்தில் உள்கூடத்தில் பாதி கிழங்குக்குப் போய்விடும். என் புத்தகப்பை ஆணியில் தொங்கும். அதே ஆணியில் பெரியப்பாவின் சட்டையும் தொங்கும். நான் படுக்கிற பாயில் அண்ணன்கள் காலை நீட்டுவார்கள். நானும் சும்மா இருக்கமாட்டேன், கடித்துவிடுவேன். வீட்டில் எனக்கு மிளகாய் என்று பெயர்.

ரோட்டில் மரம் விழுவதற்கு முந்தின நாள் அம்மாவின் தம்பி, என் மாமா, மணலூர்பேட்டையிலிருந்து ஒரு பை வேர்க்கடலையோடு வந்து சேர்ந்தார். மறுநாள் திரும்புவதாகத்தான் உத்தேசம். பஸ் நின்றுபோனதால் ஒரு வாரம் எங்கள் வீட்டில் மாட்டிக்கொண்டார். படித்துவிட்டு வேலைக்கு அலைந்துகொண்டிருந்தவர். பேச ஆள் கிடைத்தால் விடமாட்டார். பள்ளிக்கூடமும் மூடிக் கிடந்ததால் அந்த ஆள் நானாகிப்போனேன்.

எல்லாரும் பேசுகிறார்களே, இட ஒதுக்கீடு என்றால் என்ன மாமா என்று கேட்டேன். அவர் கொஞ்சம் யோசித்தார்.

"பஸ்ஸு வருதுன்னு வச்சிக்க. நீ ஏறி உள்ள போற. எல்லா சீட்டுலயும் எவனோ ஜன்னல் வழியா துண்டு போட்டு வச்சிருக்கான். நீ இன்னா பண்ணுவ?"

"துண்டத் தூக்கிப் போட்டுட்டு உக்காருவேன்."

"நீ செய்வ. எல்லாராலயும் முடியுமா? அதான், எங்களுக்கும் கொஞ்சம் சீட்ட ஒதுக்கி வைங்கன்னு கேக்கறாங்க."

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. வீட்டில் எனக்கும் ஓர் இடம் ஒதுக்க வேண்டும் என்று அன்று மத்தியானமே அறிவித்தேன். ஆணி, பாய், மூலை எதையும் யாருடனும் பங்கு போட்டுக்கொள்ளாத இடம். யார் வந்தாலும் என்னைக் கேட்டுவிட்டு வரவேண்டிய இடம். அண்ணன்கள் சிரித்தார்கள். மாமா சிரிக்கவில்லை. என் நோட்டில் ஒரு பக்கத்தைக் கிழித்து, பெறுநர் வீட்டுத் தலைவர் என்று போட்டு, பொருள் இட ஒதுக்கீடு வேண்டி என்று எழுதி, முறைப்படி ஒரு மனு தயார் செய்தார்.

எந்த இடம் என்று கேட்டபோது நான் யோசிக்கவே இல்லை. பின்தாழ்வாரத்தின் தென்கோடியில் நாலு முழ நீளம், மூன்று முழ அகலம். அங்கே யாரும் எதையும் வைப்பதில்லை. ஒரு மூட்டைகூடக் கிடக்காது. இத்தனை நெருக்கமான வீட்டில் அந்த மூலை மட்டும் ஏன் காலியாகவே இருக்கிறது என்று நான் கேட்டுக்கொண்டதில்லை. மாதத்தில் சில நாள் அம்மா அங்கே பாய் விரித்துத் தனியாக உட்கார்ந்திருப்பாள். உடம்பு அசதி, கிட்டே போகாதே என்பார்கள். மற்ற நாளெல்லாம் சும்மா கிடக்கும் இடம்தானே, அதை நான் எடுத்துக்கொண்டால் யாருக்கென்ன நஷ்டம்?

அப்பா மனுவைப் படித்துவிட்டு மீசைக்குள் சிரித்தார். பெரியப்பாவும் வாங்கிப் பார்த்தார். இடத்தைப் பற்றி இருவரும் ஒன்றும் கேட்கவில்லை. அந்த மூலை யாருக்கு வேண்டியிருக்கும் என்று வீட்டு ஆண்கள் யோசித்துக்கூடப் பார்க்கவில்லை என்றுதான் நினைக்கிறேன். பெரியம்மா மட்டும் அம்மாவைத் திரும்பிப் பார்த்தார்.

"அந்த எடத்தியா கேக்குது இது?"

"உடு அக்கா. கொழந்த ஆசப்படுது" என்று சொல்லிவிட்டு அம்மா அடுப்பில் விறகைத் தள்ளிவிடப் போய்விட்டாள்.

அப்பா ஒரு நிபந்தனை வைத்தார். தன் கோபத்தை ஆளத் தெரியாதவளுக்கு இடத்தை ஆளக் கொடுப்பது எப்படி என்று கேட்டார். நியாயமான கேள்விதான். அதற்கும் மாமாவே வழி கண்டுபிடித்தார். யாரும் சொல்லாமல் நானாக ஒரு வேலையைச் செய்தால், அல்லது கோபம் வந்து அதை அடக்கிக்கொண்டால், என் மூலைச் சுவரில் கரியால் ஒரு கோடு. பத்துக் கோடு சேர்ந்தால் என் இடம் ஒரு சாண் பெருகும். கோபப்பட்டுக் கத்தினால் இரண்டு கோட்டை அழிக்க வேண்டும். கோடு நானே போட்டுக்கொள்ளலாம். சாணை மட்டும் மாமா வந்து அளப்பார். இடத்தைச் சுற்றித் தரையில் சுண்ணாம்பால் எல்லை கிழித்து, அதன் நடுவில் தன் துண்டையே விரித்துக் கொடுத்தார்.

அந்த வாரத்தைப்போல் நான் ஒரு நாளும் ஒழுங்காக இருந்ததில்லை. யாரும் எழுப்பாமல் எழுந்தேன். பச்சைத் தண்ணீரில் குளித்தேன். சின்ன அண்ணன் சடையைப் பிடித்து இழுத்தான். பல்லைக் கடித்துக்கொண்டு நேராகச் சுவருக்குப் போய் ஒரு கோடு போட்டேன். அவனுக்கு அது அடி வாங்கியதைவிட மோசமாக இருந்திருக்க வேண்டும். கோபம் கிளம்பி வயிற்றிலிருந்து தொண்டைக்கு வருவதை அந்த வாரம்தான் நான் முதன்முதலில் கவனித்தேன். தொண்டையில் நிறுத்திவிட்டால் அது தானாகவே இறங்கிப்போகிறது. நான் சொன்னால் கேட்கிற ஒன்று எனக்குள் இருக்கிறது என்பது பெரிய சந்தோஷமாக இருந்தது. இரண்டு சாண் பெருகியது. எல்லைக்கு வெளியே நின்று பெரியப்பாகூட, "உள்ள வரலாமாங்க?" என்று கேட்டுச் சிரித்தார்.

ஆறாம் நாள் காலையில் இருபத்தொன்பது கோடுகள் இருந்தன.

மாமா கடலை உரித்துக்கொண்டு முன்பக்கம் இருந்தார். அம்மா சுருட்டிய பாயும் தட்டும் டம்ளருமாக வந்து என் எல்லைக்கு வெளியே நின்றாள். சுண்ணாம்புக் கோட்டை மிதிக்காமல் நின்றாள்.

"எம்மா, மூணு நாளைக்கு அம்மாவுக்கு இங்க எடம் குடுக்கறியா?"

"ஏம்மா?"

அவள் தாழ்ந்த குரலில், "வூட்டுக்கு தூரம்" என்றாள்.

அந்தச் சொல்லைப் பெரியம்மா வாயில் நான் கேட்டிருக்கிறேன். வீட்டை விட்டுத் தள்ளி இருக்க வேண்டும் என்கிறார்கள் என்பதற்கு மேல் அதில் எனக்கு ஒன்றும் தெரியாது. முப்பதாவது கோட்டுக்குக் காத்துக்கொண்டிருந்தவளிடம் மூன்று நாளைக்கு இடத்தைக் கேட்கிறாளே என்று எனக்குள் சுருக்கென்று எழும்பியது. வயிற்றிலிருந்து தொண்டைக்கு வந்தது. நிறுத்தினேன்.

"எம்மாந்தூரம்மா?" என்று கேட்டேன்.

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பு எனக்குத் தைரியம் கொடுத்தது. என்னால் முடிந்த மட்டும் மரியாதையாக விளக்கிச் சொன்னேன்.

"இது வூட்டுக்கு ரொம்பப் பக்கம்மா. தூரமா இருக்கணும்னா மாட்டுக்கொட்டாய்தான் தூரம். இது எனக்கு ஒதுக்கின எடம் இல்ல?"

அம்மா என்னைப் பார்த்தாள். பிறகு சுவரில் இருந்த கோடுகளைப் பார்த்தாள்.

"ஆமாண்டி. அதான் தூரம்" என்று சொல்லிவிட்டு, பாயை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வாசலைக் கடந்து போனாள்.

நான் கத்தவில்லை. காலை உதைக்கவில்லை. முகத்தைக்கூடத் திருப்பிக்கொள்ளவில்லை. கேட்டவளிடம் நல்லபடியாகப் பேசி என் இடத்தைக் காப்பாற்றிக்கொண்டேன். கரியை எடுத்து முப்பதாவது கோட்டைப் போட்டேன். மற்றவற்றைவிடக் கொஞ்சம் நீளமாகவே போட்டதாக ஞாபகம்.

மத்தியானம் மலைப்பக்கம் கறுத்துக்கொண்டு வந்து மழை பிடித்தது. மாட்டுக்கொட்டாய்க்குப் பனையோலைக் கூரை. பாதி மக்கிப்போய், நின்ற இடமெல்லாம் ஒழுகும். அம்மா கோணிச்சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு பசுவுக்கு அந்தப் பக்கம் குந்தியிருந்தாள். நான் என் எல்லைக்குள் மாமாவின் துண்டில் நனையாமல் உட்கார்ந்து மழையை வேடிக்கை பார்த்தேன். மழையைத் தனியாகப் பார்ப்பதற்கு ஓர் இடம் இருப்பது எவ்வளவு நன்றாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

மழை விட்டதும் மாமாவைக் கூப்பிட்டேன். "முப்பதாச்சி மாமா, வந்து சாண் அளங்க!"

அவர் கடலைத்தோல் ஒட்டிய கையைத் தட்டிக்கொண்டு, மாலை மரியாதை இல்லையா என்று கிண்டல் பேசிக்கொண்டே வந்தார். குனிந்து சாண் அளக்கக் கையை விரித்தார்.

"கடசிக் கோடு ஜாஸ்தி நீளமா கீதே, எதுக்கு?"

"அம்மா வந்து எடம் கேட்டாங்க. கோவப்படாம இல்லன்னு சொல்லிட்டேன். வூட்டுக்கு தூரமாம். மாட்டுக்கொட்டாய்க்கு அனுப்பிட்டேன்."

மாமாவின் கை தரையில் விரித்தபடி நின்றுவிட்டது. அவர் திரும்பி வாசலுக்கு அந்தப் பக்கம் பார்த்தார். மாட்டுக்கு அருகே அம்மா ஈரப்புடவையின் முனையைப் பிழிந்துகொண்டிருந்தாள். மாமா எழுந்து போனார். கொட்டாயிலிருந்து பத்தடி தள்ளி நின்று ஏதோ சொன்னார். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அம்மாவின் குரல் மட்டும் காதில் விழுந்தது.

"உடுப்பா. நீதான எழுதிக் குடுத்த?"

அது பாராட்டு என்று நினைத்துக்கொண்டேன். மாமா அளக்க வரவே இல்லை. காத்திருந்து பார்த்துவிட்டு என் கையாலேயே ஒரு சாண் அளந்து எல்லையைத் தள்ளிக்கொண்டேன். என் சாண் அவருடையதைவிடக் கம்மிதான். பரவாயில்லை என்று இருந்தது.

மறுநாள் காலையில் மாமா கிளம்பிவிட்டார். பஸ் ஓடவில்லை, மரமெல்லாம் இன்னும் ரோட்டில்தான் கிடக்கிறது, எங்கே போகிறாய் மச்சான் என்று அப்பா தடுத்தார். நடந்துடுவேன் மாமா என்று சொல்லிவிட்டு நடந்தே போனார். ஒரு வாரம் வாய் ஓயாமல் பேசியவர் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. துண்டையும் திருப்பிக் கேட்கவில்லை. சாணை நானே அளந்துகொண்டதில் அவருக்குக் கோபம் போலிருக்கிறது என்று முடிவு செய்தேன்.

நாலாம் நாள் அம்மா தலைக்குக் குளித்துவிட்டு, ஈரக் கூந்தலோடு வந்து எல்லைக்கு வெளியே நின்று, "உள்ள வரலாமா?" என்று கேட்டாள். தாராளமாக அனுமதி கொடுத்தேன். வந்து உட்கார்ந்து எனக்குத் தலை சீவிவிட்டாள். அவள் இரண்டு மூன்று தரம் தும்மினாள்.

பள்ளிக்கூடம் திறந்ததும் என் ஆட்சி மெல்லத் தளர்ந்தது. இடம் மட்டும் என் பேரில் இருந்தது. ஒவ்வொரு மாதமும் அம்மா பாயும் தட்டுமாக மாட்டுக்கொட்டாய்க்குப் போனாள். பொங்கலுக்கு வீடு முழுக்க வெள்ளையடித்தவள் என் மூலைச் சுவரை மட்டும் விட்டுவிட்டாள். ஏன் இதை விட்டாய் என்று பெரியம்மா கேட்டதற்கு, "அது அவ எடம். கேக்காம எப்டி அடிக்கறது?" என்றாளாம். அடுத்த பொங்கலுக்கும் விட்டுவிட்டாள்.

அதற்கப்புறம் ஒரு சித்திரையில் நான் பள்ளிக்கூடத்துப் பாவாடையோடு வயிற்றைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். பெரியம்மா என் முகத்தைப் பார்த்ததுமே புரிந்துகொண்டார். தண்ணீர் ஊற்றினார்கள். மாற்றுத்துணி கொடுத்தார்கள். ஒரு பாய், ஒரு தட்டு, ஒரு டம்ளர். பின்தாழ்வாரத்தின் தென்கோடிக்குக் கூட்டிப்போய் உட்கார வைத்தார்கள். எதையும் தொடாதே, இதைத் தாண்டி வராதே என்றார் பெரியம்மா. எல்லை கிழித்த சுண்ணாம்பு மறைந்து ரொம்ப நாளாகியிருந்தது. ஆனால் அவர் கையால் காட்டிய எல்லை அதேதான், நாலு முழம், மூன்று முழம். நான் கோடு போட்டுச் சம்பாதித்த சாண்களை மட்டும் அவர் சேர்த்துக்கொள்ளவில்லை.

நான் சுவரைப் பார்த்தேன். கரிக்கோடுகள் அப்படியே இருந்தன. வேறு வேலையில்லாததால் எண்ணினேன். முப்பதாவது கோட்டில் விரல் வந்து நின்றபோது மழையும் கோணிச்சாக்கும் ஞாபகம் வந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அதைத் தொண்டையில் நிறுத்தப் பார்த்தேன். இறங்கவில்லை. எச்சிலைத் தொட்டுக் கோட்டைத் தேய்த்தேன். அது அழியாமல் சுவரில் தீற்றலாக இழுபட்டது.

சாயங்காலம் அம்மா வந்தாள். அவள் கையிலும் பாயும் தட்டும் இருந்தன.

"எனக்கும் தூரந்தான். எடம் குடுப்பியா, இல்ல மனு எழுதணுமா?"

நான் சுவரோரமாக ஒடுங்கி நகர்ந்தேன். அம்மா பாயை விரித்து, என் தோளில் தோள் இடிக்கிற மாதிரி உட்கார்ந்தாள். தீற்றலாகக் கிடந்த கோட்டைப் பார்த்தாள். அவள் என்னைத் திட்டியிருக்கலாம் என்று இருந்தது. அன்றைக்கே ஒரே ஒரு வார்த்தை, இது என் இடம் என்று சொல்லியிருந்தால் நான் கொடுத்திருப்பேன், சத்தியமாகக் கொடுத்திருப்பேன். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"என் எடமா?" என்று அம்மா அந்த மூலையை ஒரு தரம் சுற்றிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். ஏன் சிரித்தாள் என்று எனக்கு அப்போது புரியவில்லை.