அண்ணா கொடுத்த பதினைந்து நாள்

அண்ணாவின் முதலாம் ஆண்டு நினைவுக்கு வந்து, இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் என் வணக்கம். "அண்ணாவப் பத்தி நல்லதா நாலு வார்த்தை எழுதிக் குடுங்க தம்பி" என்று அண்ணி கேட்டார். நல்ல வார்த்தைகளையெல்லாம் மற்றவர்கள் முன் பக்கங்களில் எழுதிவிட்டார்கள். நான் அவருடைய உடன்பிறந்த தம்பி மட்டுமல்ல, சித்தூர் கோர்ட்டில் இருபத்தாறு வருஷம் அவருக்கு குமாஸ்தாவாக இருந்தவன். அவருடைய கேஸ் கட்டுகளைச் சுமந்தவன், வாய்தா தேதிகளைக் குறித்து வைத்தவன். எனக்கு அவர்மேல் அன்பும் உண்டு, ஆத்திரமும் உண்டு. ஒரு வருஷம் ஆகியும் ஆத்திரம் அடங்கவில்லை. அதையும் சேர்த்தே எழுதுகிறேன், அண்ணி மன்னிக்க வேண்டும்.

அண்ணா நகரிக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில், நைனாவுக்குத் தலைச்சன் பிள்ளையாகப் பிறந்தார். நாங்கள் கரும்பு வைக்கும் குடும்பம். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் பத்தாவது வரை தமிழ், அதற்குமேல் எல்லாம் தெலுங்கு. பத்தாவதுக்கு அடுத்த இன்டரில் முதல் வருஷம் தெலுங்கு புரியாமல் அண்ணா பெயிலானார். அடுத்த வருஷம் அதே தெலுங்கில் வகுப்பிலேயே முதலாவதாக வந்தார். பிடிவாதம் என்றால் அப்படிப்பட்ட பிடிவாதம். பிறகு திருப்பதியில் சட்டம் படித்து, சித்தூரில் ஒரு சீனியரிடம் ஐந்து வருஷம் ஜூனியராக இருந்து, கோர்ட்டுக்கு எதிர்ச் சந்தில் தனியாக ஆபீஸ் போட்டார். நான் படிப்பு ஏறாமல் ஊரில் கிடந்தேன். "இங்க வாடா, கட்டு தூக்கவாவது ஒரு ஆள் வேணும்" என்று கூப்பிட்டுக்கொண்டார். போனேன்.

போன நாளிலிருந்து எனக்கு ஒரே ஓர் ஆசை. அண்ணா பெரிய வக்கீல் ஆக வேண்டும். நாலு ஜூனியர், கண்ணாடிக் கதவு போட்ட ஆபீஸ், கம்பெனி வழக்குகள். அவருக்கு என்ன குறைச்சல்? எல்லையோர ஊர்களின் பழைய தமிழ்ப் பத்திரங்களைப் படித்து, அதைத் தெலுங்கிலும் இங்கிலீஷிலும் ஜட்ஜுக்குப் புரிய வைக்கும் ஆள் சித்தூர் வக்கீல்களில் அவரைவிட யார்? குறுக்கு விசாரணையில் குரலே உயர்த்தாமல் சாட்சியை உட்கார வைத்துவிடுவார். அவ்வளவு திறமையும் இருந்தது. அதைத் தடுக்க ஒரு பழக்கமும் இருந்தது.

அந்தப் பழக்கத்துக்குக் காரணம் நைனாவும் சித்தப்பாவும். எங்கள் சிறு வயதில் இருவருக்கும் ஒரு வரப்பு விஷயமாக வழக்கு நடந்தது. ஒரே பஸ்ஸில் சித்தூருக்குப் போவார்கள், ஒரே ஹோட்டலில் வேறு வேறு மேஜையில் சாப்பிடுவார்கள், கோர்ட்டில் எதிரெதிராக நிற்பார்கள், திரும்பவும் ஒரே பஸ்ஸில் வருவார்கள். நாங்கள் பெரியவர்களாகும் வரை அது நடந்தது. தீர்ப்பு வந்தபோது சித்தப்பா உயிரோடு இல்லை. நைனா ஜெயித்தார், ஜெயித்துவிட்டு வீட்டுக்கு வந்து அழுதார். "அன்னைக்கு அந்த வக்கீலு, பதினஞ்சு நாள் கழிச்சி வாய்யான்னு சொல்லி இருந்தா, நைனா கோபம் போய் இருக்கும்டா" என்று அண்ணா என்னிடம் எத்தனை தடவை சொன்னார் என்று கணக்கில்லை.

அதனால் தன்னிடம் வரும் ஒவ்வொரு கட்சிக்காரருக்கும் வழக்குப் போடுமுன் அவரே ஒரு வாய்தா கொடுத்தார். பதினைந்து நாள். அடிபட்டு வந்த பெண்களுக்கும், போலீஸ் பிடித்துக்கொண்டு போனவர்களுக்கும், கெடு முடியப்போகும் வழக்குகளுக்கும் அன்றைக்கே ஓடுவார், அதில் குறை சொல்ல முடியாது. மற்ற எல்லோருக்கும், அண்ணன் தம்பி, மாமன் மச்சான், பக்கத்து நிலத்துக்காரன் என்று வருகிறவர்களுக்கெல்லாம், பொறுமையாக ஒரு மணி நேரம் கேட்டுவிட்டு, "பதினஞ்சு நாள் கழிச்சி வாங்க. அப்பவும் போடணும்னா போடலாம்" என்பார். கோர்ட் டயரியில் ஒவ்வொரு பக்கத்திலும் அன்றைய வழக்குகளை மேலே நான் எழுதுவேன். அடியில் கொஞ்சம் இடம் அவருக்கு. பதினைந்து நாள் கழித்து வரவேண்டியவரின் பெயரையும், வந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதையும் அங்கே தமிழில் தன் கையால் எழுதி வைப்பார்.

யார் வந்தார்கள்? பாதிப் பேர் சமாதானமாகிப் போனார்கள். மீதிப் பேர் அதே சந்தில் எதிர் வக்கீல் ஆபீஸில் நுழைந்தார்கள். நானே கண்ணால் பார்ப்பேன். நம்மிடம் ஒரு மணி நேரம் கதை சொல்லிவிட்டுப் போனவர், எதிர்வரிசையில் வக்காலத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருப்பார். வயிறு எரியும்.

அவர் செய்யாததை நான் செய்யப் பார்த்தேன். ஒரு வருஷம் அண்ணாவுக்குச் சொல்லாமல் காலண்டர் அடித்தேன். மேலே பெருமாள், கீழே பெரிய எழுத்தில் அண்ணா பெயர், நிலம், குடும்பம், கிரிமினல், சகல வழக்குகளும் என்று ஒரு வரி. நகரி தறிக்காரர்கள் தெருவிலும் புத்தூரிலும் வீடு வீடாகக் கொடுத்தேன். அண்ணாவுக்கு விஷயம் தெரிந்தது. வக்கீல் தொழிலில் விளம்பரம் செய்யக் கூடாது என்பது சட்டம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஊரில் எந்த வக்கீல் அதைப் பார்க்கிறார்? "ஒண்ணு விடாம திருப்பி வாங்கிக்கினு வா" என்றார். போனேன், தலையெழுத்து. நகரியில் ஓர் அம்மா சண்டைக்கே வந்துவிட்டார். "சாமி படத்த மாட்டிட்டு, கழட்டிக் குடுக்கச் சொல்றியே, இன்னா மனுசன் நீ?" என்று கேட்டார். கடைசியில் கத்தரிக்கோல் கொண்டுவந்து அண்ணா பெயர் இருந்த பாகத்தை மட்டும் வெட்டி என் கையில் கொடுத்துவிட்டு, சாமியை வைத்துக்கொண்டார். அதைப் பார்த்து அக்கம்பக்கத்து வீட்டிலும் அப்படியே செய்தார்கள். ஒரு பை நிறைய அண்ணா பெயரைச் சுமந்துகொண்டு பஸ் ஏறினேன். அதைக் கேட்டு அண்ணா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஜில்லா இரண்டாகப் பிரிந்தபோது புத்தூர், சத்தியவேடு எல்லாம் திருப்பதிப் பக்கம் போயின. கட்சிக்காரர்களும் அந்தப் பக்கம் போனார்கள். "ண்ணா, நாமளும் திருப்பதிக்குப் போய்டலாம். அங்கதான் எல்லாம் வளந்துக்கினு இருக்குது" என்று தினமும் சொன்னேன். நம்மிடம் மூன்று வருஷம் ஜூனியராக இருந்த தெலுங்குப் பிள்ளை ஒருவர் அங்கே போய் இரண்டு மாடி ஆபீஸ் வைத்திருந்தார். அவர் நல்ல மனிதர், அண்ணாவைக் குருவாகவே நினைத்தவர். அண்ணாவிடம் எல்லாம் கற்றுக்கொண்டு, அந்தப் பதினைந்து நாளை மட்டும் சித்தூரிலேயே விட்டுவிட்டுப் போனவர். நான் சொல்லும்போதெல்லாம் அண்ணா கண்ணாடியைத் துடைப்பார்.

கடைசியில் நடந்ததைச் சொல்கிறேன். ஸ்ரீ சிட்டி தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலைக்கு வக்கீல் தேடுகிறார்கள் என்று தெரிந்து, உறவுக்காரர் ஒருவர் மூலமாக, தடா வழியாக ஆறு தடவை பஸ்ஸில் போய் அந்தக் கேட்டில் காத்துக் கிடந்தேன். இதுவும் அண்ணாவுக்குத் தெரியாது. ஏழாவது தடவை அவர்களே சித்தூருக்கு வந்தார்கள். சென்னையிலிருந்து ஓர் அதிகாரி, காரில். தொழிற்சாலைக்குப் போகும் பாதையில் ஊர்க்காரர்கள் முள் வெட்டிப் போட்டுவிட்டார்களாம், பதினோரு பேர்மேல் வழக்குப் போட வேண்டும். இதை எடுத்தால் அந்தக் கம்பெனியின் எல்லா வழக்கும் நமக்கு. நான் காபி வாங்கி வந்து கதவோரம் நின்றேன்.

"அந்த ஊர்க்காரங்ககிட்ட பேசினீங்களா?" என்று அண்ணா கேட்டார்.

"பேசுறதுக்கெல்லாம் நேரம் இல்ல சார். அதுக்குத்தானே உங்ககிட்ட வந்திருக்கோம். நாளைக்கே போட்டாகணும்."

"பதினஞ்சு நாள் கழிச்சி வாங்க."

அதிகாரிக்குப் புரியவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்து, "சார் எங்கயாவது வெளியூர் போறாரா?" என்று கேட்டார். அடப் பாவி மனுஷா என்று மனசுக்குள் கத்தினேன். ஆறு நாள் வெயிலில் நின்று பிடித்தது, ஐந்து நிமிஷத்தில் காரேறிப் போய்விட்டது. நேராகத் திருப்பதிக்கு, அந்தப் பழைய ஜூனியரிடமே போனது. அவர் மறுநாளே போட்டார்.

அதே வாரம் அவரிடமிருந்து எனக்கு போன் வந்தது. கம்பெனி ஆட்கள் தமிழில் பேசுகிறார்கள், எல்லையோரப் பத்திரங்கள் தமிழில் இருக்கின்றன, நீங்கள் வந்தால் நன்றாக இருக்கும் என்றார். ஆனால் ஒரு வக்கீலின் குமாஸ்தாவை இன்னொரு வக்கீல் கேட்காமல் எடுப்பது மரியாதை இல்லை. "அண்ணா ஒரு வார்த்தை சொல்லட்டும், மறுநாளே வாங்க" என்று தெலுங்கில் சொன்னார். அன்று மாலையே அண்ணாவிடம் போய் நின்றேன்.

"ண்ணா, நான் திருப்பதிக்குப் போறேன். நீங்க போன்ல ஒரு வார்த்தை சொன்னா போதும்."

அண்ணா நிமிர்ந்து பார்த்தார். "கோபத்துல சொல்றியா?"

"கோபம் இல்லாம? இருவத்தாறு வருஷமா சொல்லிக்கினு இருக்கேன். ஒண்ணாவது கேட்டீங்களா? எனக்கு வெறுத்துப் போச்சு."

"சரி. பதினஞ்சு நாள் கழிச்சி வந்து சொல்லு."

"நான் இன்னா கட்சிக்காரனா?"

"பதினஞ்சு நாள் கழிச்சி வாடா. இப்ப அந்த பாகாலா கேஸ் கட்ட எடு."

அதற்குப் பிறகு ஒன்பது நாள் அவரிடம் கோர்ட் வேலை தவிர ஒரு வார்த்தை பேசவில்லை. சாப்பாட்டுக்குக் கூப்பிட்டாலும் போகவில்லை. அது என் தப்பு. இங்கே எழுதிவிட்டேன், நாலு பேருக்குத் தெரியட்டும்.

ஒன்பதாவது நாள் மாலை கோர்ட்டிலிருந்து வந்து கோட்டைக் கழற்றும்போது அண்ணா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். சித்தூர் ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டுத் திருப்பதிக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். அண்ணியும் நானும் ஆம்புலன்ஸில் கூடப் போனோம். அண்ணாவைத் திருப்பதிக்குக் கொண்டுபோக வேண்டும் என்று எத்தனை வருஷம் மன்றாடினேன்! கடைசியில் புறப்பட்டார். பாதி வழியில், பாகாலா தாண்டுவதற்குள் மூச்சு நின்றுவிட்டது.

அவர் சொன்ன பதினைந்தாவது நாள், வீடு துக்கத்தில் இருக்கும்போதே வந்தது. வாய்தாக்களை மாற்றி வாங்க டயரி வேண்டியிருந்ததால் அன்று ஆபீஸைத் திறந்தேன். உண்மையைச் சொல்கிறேன், என் மனசு மாறவில்லை. அவர் நாற்காலியில் இருந்திருந்தால் "போறேண்ணா" என்றுதான் சொல்லியிருப்பேன். அன்றைய தேதியைப் புரட்டினேன். மேலே என் கையெழுத்தில் நாலு வழக்குகள். அடியில் அவர் கையெழுத்து. "தம்பி. வருவான். போறேன்னுதான் சொல்வான்." தெரிந்திருக்கிறது! தெரிந்துகொண்டே பதினைந்து நாள்! டயரியை அடித்து மூடினேன். அதற்குக் கீழே இன்னும் இரண்டு வரி இருந்ததைப் பிறகுதான் பார்த்தேன்.

நன்றி சொல்ல வேண்டியவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். ஆம்புலன்ஸுக்கு வழிவிட்டு நின்ற முகம் தெரியாத லாரிக்காரர்களுக்கு, கோர்ட்டைத் தள்ளி வைத்து வந்த வக்கீல் நண்பர்களுக்கு, பதினாறு நாளும் எங்கள் வீட்டில் அடுப்பு மூட்ட விடாமல் சோறு கொண்டுவந்த பக்கத்து வீட்டினருக்கு, நகரியிலிருந்தும் புத்தூரிலிருந்தும் பஸ் பிடித்து வந்தவர்களுக்கு எங்கள் நன்றி. காரியத்துக்கு வந்தவர்களில் பாதிப் பேரின் பெயர் என் வழக்கு ரிஜிஸ்டரில் எங்குமே இல்லை. பதினைந்து நாள் கழித்து வராமலே போனவர்கள். அண்ணனும் தம்பியுமாக, அக்காவும் தங்கையுமாகச் சேர்ந்தே வந்திருந்தார்கள். இத்தனை பேரும் வழக்குப் போட்டிருந்தால் நாம் எங்கேயோ போயிருப்போமே என்று அந்தத் துக்கத்திலும் எனக்குத் தோன்றியது. குமாஸ்தா புத்தி.

கடைசியாக, திருப்பதி வக்கீலுக்கு நன்றி. காரியம் முடிந்ததும் டயரியை எடுத்துக்கொண்டு அவரிடம் போனேன். "அண்ணா வார்த்தை இதில் இருக்குது" என்று நீட்டினேன். தமிழ் எழுத்து அவருக்குத் தெரியாது. "ஏம் ராசாரு?" என்று கேட்டார். என்ன எழுதியிருக்கிறார் என்று நான்தான் படித்துத் தெலுங்கில் சொல்ல வேண்டியிருந்தது. எத்தனையோ பேருடைய பத்திரங்களை இப்படிப் படித்துச் சொன்னவன் நான், ஒருமுறைகூட நாக்குக் குழறியதில்லை.

"திருப்பதிக்கு நானே போன் பண்ணணும். நல்ல வேலைக்காரன், கோபக்காரன், நேரத்துக்குத் துன்னமாட்டான், பாத்துக்கோன்னு சொல்லணும்."

பாதியிலேயே நின்றுவிட்டேன். அவர் அவசரப்படுத்தவில்லை. மீதியையும் சொல்லி முடித்தபின் டயரியை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, நாளையிலிருந்து வாருங்கள் என்றார். தன் தொழிலுக்காக வாழ்நாளில் ஒரு மனிதருக்கும் போன் பண்ணிக் கேட்காதவர் என் அண்ணா. கேட்பதற்கென்று எழுதி வைத்த ஒரே போன், என்னை வேறு இடத்துக்கு அனுப்பி வைக்க. அதில் பாதியளவு தனக்காகக் கேட்டிருக்கக் கூடாதா?

இப்போது திருப்பதியில்தான் வேலை செய்கிறேன். கண்ணாடிக் கதவு இருக்கிறது, ஜூனியர்கள் இருக்கிறார்கள், கம்பெனி வழக்குகள் இருக்கின்றன, நான் ஆசைப்பட்டதெல்லாம் இருக்கிறது. தினமும் மதியம் ஒன்றரை மணிக்கு அந்த வக்கீல், எவ்வளவு வேலை இருந்தாலும், என் மேஜைக்கு வந்து கட்டை மூடி வைத்து, "தின்னாரா லேதா?", சாப்பிட்டீர்களா இல்லையா என்று கேட்கிறார். கேட்கும்போதெல்லாம் எனக்கு அண்ணாமேல் கோபம்தான் வருகிறது. எழுந்து போய்ச் சாப்பிடுகிறேன்.