மாத்திரை நின்ற நாள்

புது மருந்துச் சோதனைக்குத் தமிழ் பேச ஆள் வேண்டுமென்று புனே ஆஸ்பத்திரியில் கேட்டபோது, கேன்டீனில் ஓசியில் கிடைக்கும் வடாபாவ் பன்னை நினைத்துக் கையைத் தூக்கிய மடையன் நான்.

சோதனைக்கு வந்த தமிழர் ஒருவர், ஊருக்கு வெளியே தேஹு ரோட்டிலிருந்து முப்பது வயது மகனைக் கூட்டிவருவார். மரபணுக் கோளாறு; கண் நன்றாகத் தெரிந்தும் பிறந்ததிலிருந்தே மகன் யார் முகத்தையும் பார்த்ததில்லை. உள்ளே வருமுன் அவனுக்குத் தலை வாரிவிடுவார். மாத்திரை ஆரம்பித்தபின் ஒருநாள், வாரும்போதே அவன் நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தான்.

சோதனையிலிருந்த மற்றவர்களுக்குப் பலனில்லையென்று கம்பெனி மருந்தை நிறுத்திவிட்டது. கொடுக்கும்போது பன்னீர் தெளிக்காத குறையாக வரவேற்றவர்கள், பிடுங்கும்போது என்னை அனுப்பினார்கள். என் வாய் வழக்கம்போல் இளித்தது.

“சோதனை முடிஞ்சுது சார். இனிமே மாத்திரை கிடையாது, தம்பிக்கு லீவுதான்.”

அவர் சீப்பைச் சட்டைப்பையில் செருகினார்.

“அவன் முகத்தைப் பார்த்துச் சொல்லு.”