ஜீப்பின் எண்ணெய் முள்

அப்பா எந்தக் கருவியையும் நம்பமாட்டார். கோலார் தங்கவயல் சுரங்கத்தில் அவரோடு வேலை பார்த்தவர்கள் எல்லோருமே அப்படித்தான். நுரையீரலில் தூசி படிந்திருக்கிறது என்று எக்ஸ்ரே காட்டினால், "படம் சரியா வுழல" என்று இன்னொன்று எடுக்கச் சொல்வார்கள். தொம்மலூரில் எங்களோடு வந்து தங்கிய பிறகும் அப்பாவின் அந்தக் குணம் போகவில்லை. ஆக்சிஜன் பார்க்க விரலில் மாட்டும் கருவி குறைவாகக் காட்டினால், "வேற வெரல்ல போடும்மா" என்பார். எல்லா விரலும் முடிந்த பிறகு பேட்டரியைக் குறை சொல்வார். எனக்கு எரிச்சல் எரிச்சலாக வரும்.

கல்லறைத் திருநாளுக்குத் தங்கவயலில் இருக்கும் அம்மாவின் கல்லறைக்குத் தன் ஜீப்பில்தான் போவேன் என்று ஒற்றைக் காலில் நின்றார். சுரங்கம் மூடியபோது வாங்கிய ஜீப் அது. வாங்கும்போதே கிழம். வாசலில் தார்ப்பாய்க்குள் கிடந்ததை எடுத்து ஸ்டார்ட் செய்தால், ஓட்டுகிறவன் காலில் எண்ணெய் சொட்டியது. எஞ்சினில் எண்ணெயின் அழுத்தத்தைக் காட்டும் முள் எழுந்திருக்கவே இல்லை.

"லைன் பூட்ச்சி. அத்த மாத்திட்டா முள்ளு ஏறிடும்," என்றார் அப்பா. எஞ்சினிலிருந்து டாஷ்போர்டு மீட்டருக்குப் போகும் மெல்லிய செம்புக் குழாயைத்தான் சொன்னார்.

தம்பி ஏசி மெக்கானிக். செம்புக் குழாய் அவன் பையிலேயே இருந்தது. அப்பா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, இரண்டு வார்த்தைக்கு ஒருமுறை மூச்சு வாங்கியபடி அவனை அதட்டினார்.

"மெதுவா வளைடா... மடிஞ்சா... அவ்ளோதான்."

கழற்றிய பழைய குழாயில் விரிசல் இருந்தது. பார்த்தாயா என்பதுபோல அப்பா என்னைப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன். புதுக் குழாயை மாட்டி எஞ்சினைக் கிளப்பியதும் முள் மேலே ஏறியது. அப்பா எழுந்து போய் பானெட்டின் மேல் கை வைத்துக்கொண்டு நின்றார்.

எஞ்சின் சூடாகச் சூடாக முள் இறங்க ஆரம்பித்தது. தம்பி ஆக்ஸிலேட்டரை மிதித்தான். கொஞ்சம் துடித்துவிட்டு மறுபடியும் இறங்கியது. ஒரு துளி எண்ணெய்கூடச் சொட்டவில்லை.

"உள்ள பேரிங் தேஞ்சிருக்குப்பா. போற வழியில ஹொசகோட்டை கூடத் தாண்டாது," என்றான் தம்பி. "டாக்ஸி வெச்சினு போலாம்."

மீட்டரை மாற்று என்பார் என்று நான் காத்திருந்தேன். திட்டத் தயாராகக்கூட இருந்தேன். அப்பா அந்த முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரியாத்தான் காட்டுது. ஆப் பண்ணுடா," என்றார்.

டாக்ஸியைப் பற்றிக் கேட்டதற்குப் பார்க்கலாம் என்றார். வேண்டாம் என்பதை அவர் அப்படித்தான் சொல்வார்.

சாயங்காலம் கருவியை எடுத்துக்கொண்டு போனேன். தானாகவே விரலை நீட்டினார். என்றைக்கும் இல்லாத அளவுக்குக் குறைவாகக் காட்டியது. அவரும் பார்த்தார்.

"வேற வெரல்ல பாக்கலாம்ப்பா," என்றேன்.

அப்பா கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார்.