அடிச் சாம்பார் கேட்டவர்

கனகம்மாசத்திரத்தில் பேருந்து நிற்கும் இடத்தை ஒட்டித்தான் என் இட்லிக் கடை. தார் ஏற்றிய டேங்கர் லாரியில் வருவார் அவர். கட்டை மீசை, கையெல்லாம் சூடுபட்ட தழும்பு. தார் ஆறிவிடுமே என்று உட்காரமாட்டார், நின்றபடியே தின்பார். எப்போதும், "அம்மா, அடியிலேர்ந்து ஊத்துங்க" என்பார்.

நாலு பேர் முன்னால் அப்படிக் கேட்டால் எனக்கு எப்படி இருக்கும்? "ஏங்க, என் சாம்பாரு தண்ணியாவா கீது?" என்று ஒருநாள் கேட்டேவிட்டேன்.

சிரித்தார். "கோச்சிக்காதீங்கம்மா. கச்சா எண்ணெய நல்லா காய்ச்சி, உங்க இட்லிப் பானை மாதிரி தட்டு தட்டா வெச்ச ஒசந்த கோபுரத்துல உடுவாங்க. லேசானது ஆவியா மேல போவும். உச்சியில கேஸு, பெட்ரோலு. அதுக்குக் கீழ மண்ணெண்ணெய், டீசலு. எழும்பாம அடியில தங்குறதுதான் தாரு. பெட்ரோல் வண்டிக்காரன் என்னை வண்டல் வண்டின்னு கிண்டல் பண்ணிகினு இருக்கான். அவன் வண்டி எது மேல ஓடுதாம்? அடியில நிக்கிறத நான் உடமாட்டேம்மா."

இப்போதும் தார் வண்டி வரும் வேளையில் சாம்பாரைக் கலக்காமல் விட்டுவிடுகிறேன். தண்ணியாக இருக்கிறது என்று மற்றவர்கள் சொன்னால் சொல்லட்டும்.