நூற்றெட்டுத் தோப்புக்கரணமும் ஒரு வலது காலும்

எங்கள் ஆஸ்பத்திரிக்கு வரும் பிள்ளைகளுக்கு வாய் இருப்பதில்லை. இருக்கிறதுதான், ஆனால் அதை அம்மாமார் வைத்திருக்கிறார்கள். "எங்கை பிள்ளை நோகுது?" என்று நான் பிள்ளையைப் பார்த்துக் கேட்பேன். "உவருக்கு நேற்றுத் துவக்கம் வயித்துக்குள்ளை குத்துதாம் டொக்டர்" என்று அம்மா சொல்லுவார். "எப்பிடிக் குத்துது?" என்று மறுபடியும் பிள்ளையைத்தான் கேட்பேன். "விட்டு விட்டுக் குத்துதாம்" என்று மறுபடியும் அம்மாதான் சொல்லுவார். அந்த உவர் காலை ஆட்டிக்கொண்டு, தன்னைப் பற்றிய கதையை யாருடையதோ கதை போலக் கேட்டுக்கொண்டிருப்பார்.

வட்டுக்கோட்டைப் பக்கத்தில் இருக்கும் சிறிய அரச ஆஸ்பத்திரி எங்களுடையது. எனக்குக் குரல் கொஞ்சம் பெரிது, பொறுமை கொஞ்சம் சிறிது. ஆனாலும் வருடக்கணக்காக இதே அறையில், இதே ஆடும் கதிரையில் இருந்து சனத்தைப் பார்க்கிறேன். சனமும் என்னைப் பொறுத்துக்கொள்கிறது.

பிள்ளைகளின் எலும்பு மூட்டுகளைச் சோதிக்க எங்களுக்குப் படிப்பித்த முறை ஒன்று இருக்கிறது. கையைத் தூக்கி வானத்தைத் தொடு, அண்ணாந்து பார், உள்ளங்கைகளைச் சேர், குந்தி எழும்பு. ஆங்கிலத்தில் படித்ததை அப்படியே தமிழில் சொல்லிப் பார்த்தேன். "மேலை பார்" என்றால் பிள்ளைகள் பல்லி விழப்போகிறது என்று நினைத்து அம்மாவின் மடிக்குள் புகுந்தார்கள். "வானத்தைத் தொடு" என்றதும் ஒரு சின்னவள், தொட முடியாது என்பது இந்த டொக்டருக்குத் தெரியாதா என்று தாயிடம் இரகசியமாகக் கேட்டாள்.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை யன்னலால் பார்த்தேன். வாசலில் எங்கள் ஆஸ்பத்திரிப் பிள்ளையார் இருக்கிறார். மருந்துக்கு வந்த பிள்ளைகள் அவருக்கு முன்னால் அண்ணாந்து பார்த்தார்கள். கைகளைத் தலைக்கு மேலே கூப்பினார்கள், நெற்றியில் குட்டினார்கள், கைகளை மாறிப்போட்டுக் காதைப் பிடித்துக் குந்தி எழும்பினார்கள். கழுத்து, தோள், முழங்கை, மணிக்கட்டு, இடுப்பு, முழங்கால், கணுக்கால் எல்லாம் அதற்குள் வந்துவிட்டன. நான் இவ்வளவு காலமும் தொண்டை கிழியக் கத்தியும் செய்விக்க முடியாததை அவர் வாய் திறக்காமல் செய்துகொண்டிருந்தார்.

அன்று தொடக்கம் என் அறையில், "வா பிள்ளை, கோயிலுக்குப் போவம்" என்பதுதான் கால் கை பரிசோதனை. வேதக்காரப் பிள்ளைகள் வந்தால் மாதா கோயிலில் போல முழந்தாளிட்டு எழும்பச் சொல்லுவேன். எந்தக் கடவுளாக இருந்தாலும் முழங்காலை மடிக்கத்தான் வேண்டியிருக்கிறது. நான் மட்டும் செய்து காட்டுவதில்லை. ஒருமுறை காட்டப் போய், குந்தியது நானாகவும் தூக்கிவிட்டது எங்கள் தாதியாகவும் போய்விட்டது.

எல்லா நோவும் எலும்பில் இருப்பதில்லை என்பதும் இந்த அறையில்தான் விளங்கியது. புலமைப்பரிசில் பரீட்சைக்குப் படித்த ஒருவனுக்கு ரியூசன் நாட்களில் மட்டும் கால் நொந்தது. கோயிலுக்குப் போய்வரச் சொன்னேன், மான் குட்டியாகத் துள்ளினான். அவன் பொய் சொல்லவில்லை. பயம் போக இடமில்லாமல் காலில் போய் நின்றது, அவ்வளவுதான். ரியூசனைக் குறைக்கச் சொன்னபோது தாய் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதற்கு மருந்தகத்தில் மருந்தில்லை.

இனி வலது காலின் கதைக்கு வருகிறேன். ஏழாம் வகுப்புப் படிக்கும் பிள்ளை. கொஞ்சம் பூசின உடம்பு, சீருடையில் வந்திருந்தாள். வெங்காயத் தோட்டம் செய்யும் குடும்பம். தகப்பன் வாசலில் மோட்டார் சைக்கிளில் நின்றார். தாய் முன்னால் வந்தார். தாயின் கையில் போன், போனுக்குள் கனடாவில் இருந்து சித்தி. அங்கே நடுச்சாமம், ஆனாலும் சித்தி பவுடர் போட்டிருந்தா.

"டொக்டர், இவளுக்கு முழங்கால் நோகுதாம். நொண்டுறாள்" என்றார் தாய். "ரவுணிலை எக்ஸ்ரே எடுத்தது. முழங்கால் வடிவா இருக்காம். முறிவு நெரிவு பாக்கிறவரிட்டையும் எண்ணெய் போட்டது. ஒண்டுமில்லாத காலுக்கு எப்பிடி நோகும்? நெற்போல் விளையாடப் போறாளில்லை. பள்ளிக்கூடத்துக்கும் மாட்டனெண்டு நிக்கிறாள். கதவைப் பூட்டிக்கொண்டு இருக்கிறாள், சோறு வேண்டாமாம். நடிக்கிறாள் எண்டு ரீச்சரே சொன்னவ."

"அக்கா, நீங்கள் விடுங்கோ" என்றது போன். "டொக்டர், நான் நெற்றிலை எல்லாம் பாத்தனான். உது டிப்ரெஷன். இஞ்சையெண்டால் உடனை மனநல டொக்டரிட்டை அனுப்பிப்போடுவினம்."

"மெதுவாக் கதை" என்று தாய் போனுக்குச் சொல்லி, கதவைத் திரும்பிப் பார்த்தார். வெளியே நோயாளர் இருக்கும் வாங்கில் ஊரில் பாதி இருந்தது.

எனக்கு உள்ளே சூடேறியது. நோவைப் பற்றி இரண்டு நாட்டில் இருந்து கதைக்கிறார்கள், நோகிற ஆள் மட்டும் இன்னும் ஒரு சொல் சொல்லவில்லை. அம்மாமாரை அறையை விட்டு அனுப்ப என்னிடம் பல தந்திரங்கள் உண்டு. அன்றைக்குப் புதிதாக ஒன்று வாய்த்தது.

"உள்ளுக்கை சிக்னல் காணாது. தங்கச்சி சொல்லுறது எனக்கு விளங்குதில்லை. அந்த வேப்பமரத்துக்குக் கீழை போனால் நல்லா இழுக்கும். அவவிட்டை எல்லாத்தையும் வடிவாக் கேட்டுக்கொண்டு வாங்கோ" என்றேன்.

தாயும் கனடாவும் வெளியே போனார்கள். அறையில் நான், தாதி, பிள்ளை. நான் பேனாவை மூடி வைத்தேன். நித்திரை வருகிறதா, சிநேகிதிகள் யார், யாராவது அடித்தார்களா, வெருட்டினார்களா என்று கேட்டேன். செத்துப் போகலாம் என்று எப்போதாவது நினைத்தாயா என்றும் கேட்டேன். அந்தக் கேள்வியைக் கேட்கும்போது எனக்கு இன்றைக்கும் நெஞ்சு இடிக்கும், ஆனால் கேட்காமல் விடுவதில்லை. இல்லை என்று தலையாட்டினாள். பிறகு தன் பாட்டில் கதைத்தாள்.

"டொக்டர், பொய்யா நொந்தால் எப்பிடி இருக்கும்?"

"ஏன் பிள்ளை?"

"எல்லாரும் நடிக்கிறன் நடிக்கிறன் எண்டு சொல்லுகினம். நடிக்கிறனோ இல்லையோ எண்டு எனக்கே இப்ப தெரியேல்லை."

எனக்குக் கோபம் வந்தது, அதைவிடக் கூடுதலாகக் கவலை வந்தது.

"அதைக் காலிட்டையே கேப்பம். வா, கோயிலுக்குப் போவம்" என்றேன்.

அண்ணாந்து பார்த்தாள். கைகளை உயர்த்திக் கும்பிட்டாள். எல்லாம் சுகம். கதவு வரைக்கும் நடந்து வரச் சொன்னேன். இடது பாதம் நேரே வந்தது. வலது பாதம் வெளிப்பக்கம் திரும்பி, வர விருப்பமில்லாமல் பின்னால் வந்தது. தோப்புக்கரணம் என்று நான் இன்னும் சொல்லவில்லை. வழமையாகக் கடைசியில் அதுதான் வரும் என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது போலும், முகம் வெளிறியது.

"காலமையும் போட்டனான் டொக்டர். முழுக்கக் குந்த ஏலாமல் போச்சு. அம்மா பிள்ளையாருக்கு நேர்த்தி வைச்சிட்டா. வாற வெள்ளிக்கு நான் நூற்றெட்டுப் போடவேணுமாம். என்ரை குழப்படி அடங்கவேணும் எண்டு."

இது எங்கள் ஊர் வழமை. நேர்த்தி வைப்பது அம்மா, மொட்டை அடிப்பது மகன். நேர்த்தி வைப்பது அம்மா, குந்தி எழும்புவது மகள். குந்த முடியாத பிள்ளையைப் பார்த்து, ஏன் முடியவில்லை என்று ஒருவரும் கேட்கவில்லை. சாமிக்கு முன்னால் மடியாத கால் திமிர் பிடித்த கால் என்று முடிவெடுத்து, கூடுதலாகக் குந்த வைத்துக்கொண்டிருந்தார்கள்.

"இனி ஒரு தோப்புக்கரணமும் வேண்டாம், நடக்கவும் வேண்டாம்" என்று சொல்லி அவளைக் கட்டிலில் படுக்க வைத்தோம். வலது காலை மெதுவாக நெஞ்சுப் பக்கம் மடித்தேன். அது நேரே வராமல் வெளிப்பக்கம் சரிந்து போனது. முழங்காலில் எண்ணெய் மணந்தது. எவ்வளவு எண்ணெய் போட்டும் பிரயோசனமில்லை, ஏனென்றால் பிழை முழங்காலிலேயே இல்லை.

எங்கள் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே மெஷின் எப்போதும் இருக்கும், எடுப்பவர் எப்போதாவது இருப்பார். அன்று இரண்டும் இருந்தன. அவளைச் சக்கர நாற்காலியில் வைத்து இடுப்பைப் படம் பிடித்தோம். படம் வந்ததும் தாயை உள்ளே கூப்பிட்டேன். கனடாவும் கூடவே வந்தது.

"இஞ்சை பாருங்கோ" என்று காட்டினேன். "அகப்பையிலை சிரட்டை காம்பிலை இருந்து வழுகிச் சரிஞ்சால் எப்பிடி இருக்கும்? தொடை எலும்பின்ரை தலை அப்பிடி வழுகியிருக்கு. வளருற பிள்ளையளுக்கு வாறது. இன்னும் கொஞ்சம் வழுகினால் இடுப்பே பழுதாப் போயிடும். இண்டைக்கே பெரியாஸ்பத்திரிக்குப் போகவேணும். ஆணி போட்டு இறுக்குவினம்."

"முழங்கால் எல்லோ நோகுது எண்டவள்?" என்றார் தாய். குரல் இறங்கியிருந்தது.

"சுன்னாகத்துப் பவர் ஸ்ரேசனிலை பிழைச்சால் உங்கடை வீட்டிலை கறண்ட் நிக்கிறேல்லையோ? லைற்றைக் கழட்டிப் பாத்தால் லைற்றிலை ஒரு பிழையும் இராது. அதுதான் இதுவும். பிழை இடுப்பிலை, நோகிறது முழங்காலிலை."

ஒப்பரேஷன், ஆணி என்றதும் பிள்ளை அழப்போகிறாள் என்று தாதி பக்கத்தில் போய் நின்றாள். பிள்ளை அழவில்லை. படத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிறகு சிரித்தாள். அந்த அறைக்குள் வந்ததில் இருந்து நான் காணாத சிரிப்பு அது.

"அப்ப நான் நடிக்கேல்லை" என்றாள்.

எலும்பு வழுகியிருக்கிறது என்று கேட்டு ஒரு பிள்ளை சந்தோசப்படுகிறது என்றால், அதற்கு முன்னால் அது என்ன பாடு பட்டிருக்கும். எனக்குக் கண் கலங்கியது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துச் சமாளித்தேன். தாய் கதிரையில் இருந்துவிட்டார். கனடாவின் சிக்னல் போய்விட்டதோ என்று போனை எட்டிப் பார்த்தேன். சித்தி போனுக்குள் இருந்து அழுதுகொண்டிருந்தா.

அவள் முடங்கிப்போனதும் உண்மைதான், சித்தி நெற்றில் பார்த்ததும் முழுப் பிழையில்லை. அதைத் தாய்க்குச் சொன்னேன். ஆணி காலுக்குத்தான், மனதுக்கு வேறு வேலை இருக்கிறது, ஒப்பரேஷன் முடிந்த பிறகும் அவளை என்னிடம் கதைக்கக் கூட்டிக்கொண்டு வரவேண்டும் என்றேன். அம்புலன்சில் ஏறும் வரைக்கும் தாய் மகளின் கையை விடவில்லை.

ஒப்பரேஷன் நல்லபடி முடிந்தது. ஒவ்வொரு மாதமும் ஊன்றுகோலோடு வந்தாள், வரவர வாய் கூடியது. எக்ஸ்ரேப் படத்தைப் போனில் வைத்துக்கொண்டு வகுப்பு முழுவதற்கும் காட்டினாளாம். நெற்போல் ரீச்சருக்கு இரண்டு தரம் காட்டினாளாம். "எனக்குள்ளை ஆணி கிடக்கு டொக்டர்" என்று காதில் வைரத் தோடு போட்டவள் போலச் சொல்லுவாள். இப்போது நான் ஏதாவது கேட்டால் தாய் வாயைத் திறந்து, மூடி, மகளைப் பார்ப்பார். அது அவருக்கு எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும்.

ஊன்றுகோல் இல்லாமல் வந்த முதல் நாள், தாய் தயங்கித் தயங்கிக் கேட்டார். "டொக்டர், அந்த நேர்த்தி நிலுவையிலை நிக்குது. உங்கடை வாசல் பிள்ளையாருக்குத்தான் வைச்சனான்."

"இவள் குந்தக்கூடாது. பெரிய டொக்டர் ஓமெண்டு சொல்லும் வரைக்கும் பிள்ளையார் பொறுத்துக்கொண்டு இருக்கட்டும்" என்று வெடித்தேன்.

"இல்லை டொக்டர். நான் போடப்போறன்" என்றார் தாய்.

யன்னலால் பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த நம்பரைக் கூப்பிட மறந்துபோனேன். தாய் சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு, காதைப் பிடித்துக் குந்தத் தொடங்கினார். மகள் பக்கத்தில் வாங்கில் இருந்து சத்தமாக எண்ணினாள். இருபதுக்குக் கிட்டவே தாய்க்கு மூச்சு வாங்கியது. முப்பது தாண்டியதும் பாதிதான் குந்தினார்.

"அது கணக்கில்லை. முழுக்கக் குந்துங்கோ" என்றாள் மகள்.

"முழங்கால் நோகுது பிள்ளை."

"நடிக்காதேங்கோ அம்மா."

தாய் காதைப் பிடித்த கையோடு அப்படியே நின்றார். மருந்துக்கு நின்ற வரிசை திரும்பிப் பார்த்தது. "நடிக்கேல்லை" என்றார், அழுகை வந்துவிட்டது. "உண்மையா நோகுது பிள்ளை."

மகள் வாங்கில் இருந்து எழும்பினாள். கொஞ்சம் சரிந்து, ஆனாலும் இரண்டு பாதமும் நேரே வைத்து நடந்து போய், தாயின் கைகளைக் காதில் இருந்து எடுத்துவிட்டாள்.

"அப்ப காணும், வந்து இருங்கோ" என்றாள். "நான் நம்புறன்."