அத்தை எடுத்த முள்

எண்பதுகளின் தொடக்கத்தில் என்னை வளர்த்த அத்தைக்கு மார்பில் புற்றுநோய்க் கட்டி வந்தது. மதுரையில் ஓர் ஆஸ்பத்திரியில் அறுத்து எடுத்துவிட்டு, பிறகு சிவப்பாக ஓர் ஊசி போட்டுவந்தார்கள். தலைமுடி மொத்தமும் கொட்டியது. அத்தை அதற்குக் கலங்கவில்லை. பேன் தொல்லை விட்டது என்றாள். ஊசியைப் பாதியில் நிறுத்தினால் கட்டி திரும்பிவிடுமே என்பதுதான் அவளுடைய பயம்.

நிறுத்தக்கூடிய ஆள் ஒருவர் இருந்தார். அந்த ஊசி புற்றைக் கொல்லும். சிலருக்கு இருதயத்தையும் தளர்த்திவிடும். யாருக்கு, எவ்வளவு போட்டபின் என்று ஆராய்ந்துகொண்டிருந்த டாக்டரம்மா அவர். ஊசி போட்டுக்கொண்டவர்களை ஊர் ஊராகத் தேடிப்போய் நடக்கவிட்டுப் பார்ப்பார். எங்கள் ஊரான போடிக்கும் வருவதாகச் சொல்லி அனுப்பினார்.

அத்தைக்கோ நாலு அடி வைத்தாலே மூச்சு வாங்கியது. மாமா அதைப் பெரிதாக நினைக்கவில்லை. ஏலத்தோட்டத்துக்குப் போகிறவர்களுக்கு மூச்சிரைப்பை மறைக்கத் தெரியும். போடிமெட்டில் ஜீப்பை விட்டு இறங்கி மேடேறும்போது கங்காணி பார்த்துக்கொண்டே நிற்பார். இரைக்கிற ஆளை வந்த ஜீப்பிலேயே திருப்பி அனுப்பிவிடுவார். அதனால் மூச்சு முட்டினால் குனிந்து காலில் முள் எடுப்பார்கள். பேச்சுக் கொடுத்தால் வாயில் வெற்றிலை இருக்கும். பின்னாளில் எத்தனையோ மலைகளில் நானும் அப்படி முள் எடுத்திருக்கிறேன்.

"எத்தனை கங்காணிய ஏச்சவ நீ. ஒரு டாக்டரு எம்மாத்திரம்?" என்று மாமா தைரியம் சொன்னார்.

டாக்டரம்மா ஒல்லியாக, பெரிய கண்ணாடியோடு வந்தார். வீட்டுக்குப் பின்னாலிருந்த கரட்டில் கொஞ்சம் ஏறலாமா என்று கேட்டார். அத்தை வெற்றிலையை அதக்கிக்கொண்டு தலையாட்டினாள். கொஞ்ச தூரம் போனதும் முதல் முள். அப்புறம் அடிக்கொரு முள். அது வெறும் பாறை. பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டுப் பின்னாலேயே போன எனக்கே சந்தேகமாக இருந்தது. டாக்டரம்மா பாறையில் உட்கார்ந்து, நானே எடுத்துவிடுகிறேன் என்று அத்தையின் பாதத்தைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். முள் இல்லை. கால்தான் வீங்கியிருந்தது. விரலால் அழுத்தினார், குழி அப்படியே நின்றது.

"எத்தனை நாளா இப்படி இருக்கும்மா?"

வெற்றிலையைத் துப்பாமல் அத்தையால் பதில் சொல்ல முடியவில்லை. துப்பிய பிறகு பதில் சொல்ல மூச்சு இல்லை.

சிவப்பு ஊசி அன்றோடு நின்றது. இருதயத்துக்கு மாத்திரையும் கட்டிக்கு வேறு மருந்தும் எழுதிக் கொடுத்தார். அவர் விளக்கிச் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை. "கடைசியில டாக்டருகிட்டப் போயிக் காலக் குடுத்துட்டியே" என்று மாமா அழுதார்.

கட்டி திரும்பி வரவில்லை. வருடா வருடம் டாக்டரம்மாதான் வந்தார். அத்தை அவரை வாசலிலேயே பிடித்துக்கொள்வாள். "பாதி ஊசியில என்னைய அம்போன்னு விட்டுட்டியே தாயி, நீ நல்லாருப்பியா?" என்று ஆரம்பிப்பாள். முதல் வருடம் வார்த்தைக்கு வார்த்தை நின்று மூச்சு வாங்கினாள். அடுத்த வருடம் ஒரு வசவை முழுசாகச் சொல்லி முடித்தாள். அதற்கடுத்த வருடம் டாக்டரம்மாவின் பரம்பரையையே ஒரே மூச்சில் திட்டித் தீர்த்தாள். அவரோ குறுக்கே பேசாமல், கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி கடைசிவரை கேட்டார். பிறகு சிரித்த முகமாகப் போய் மதுரை பஸ்சில் ஏறினார்.

இவ்வளவு தூரம் வந்து திட்டு வாங்கிக்கொண்டு சந்தோஷமாகத் திரும்பிப் போகிறாரே, படித்தவர்களுக்கு ரோஷமே கிடையாதோ என்று நான் நினைத்துக்கொண்டேன்.