வலிக்காத புண்

மருந்துக்கடை வைக்கப்போகும் இளைஞர்களுக்கு இதைச் சொல்ல எனக்கே வெட்கம்தான். இருந்தாலும் சொல்கிறேன்.

அபிராமபுரத்தில் முப்பது வருடமாக பார்மசிஸ்டாக இருக்கிறேன். தலைவலிக்கு வருகிறவர் நேராக கவுன்ட்டர் நடுவில் வந்து நிற்பார். மறைவான இடத்தில் தொந்தரவு உள்ளவர் ஓரமாக நின்று சோப்பு விலை பார்ப்பார். பெண்கள் போனபிறகு நகர்ந்து வருவார். அவரிடம் ஒரு கேள்வியும் கேட்காமல் களிம்பைக் கவரில் போட்டுக் கொடுத்துவிடுவேன். அதுதான் நாகரிகம் என்று எனக்குப் பெருமை வேறு.

செல்வம் அப்படி ஓரத்தில் நின்றவர்தான். தி.நகர் துணிக்கடையில் பட்டுப் பிரிவு சேல்ஸ்மேன், ஊர் திருநெல்வேலிப் பக்கம். தி.நகரில் தெரிந்த முகம் இருக்கும் என்று பஸ் ஏறி இங்கே வந்திருந்தார்.

"அண்ணாச்சி, கீழ ஒரு புண்ணு. வலியெல்லாம் இல்ல."

அந்த 'வலி இல்ல'வில் நான் நிமிர்ந்திருக்க வேண்டும். மறைவிடத்துப் புண் வலிக்காவிட்டால்தான் சந்தேகப்பட வேண்டும் என்பது பாடத்தில் படித்ததுதான். "வலி இல்லன்னா பயமில்ல தம்பி, ரெண்டு வேளை தடவுங்க" என்று அனுப்பிவிட்டேன்.

ஒன்றரை மாதம் கழித்து கருப்பட்டி மிட்டாயோடு வந்தார். "புண்ணு ஆறிட்டு அண்ணாச்சி. வீட்லயும் முழுகாம இருக்கா." மிட்டாயை வாங்கித் தின்றேன். என் கைராசி என்றுகூட நினைத்துக்கொண்டேன்.

அடுத்த முறை கவுன்ட்டர் நடுவுக்கே வந்து இரண்டு உள்ளங்கையையும் விரித்தார். செம்பு நிறத்தில் வட்ட வட்டமாகப் புள்ளிகள்.

"புதுச் சேலைச் சாயம் ஒத்துக்கலை போல. அலர்ஜி மாத்திரை தாங்க."

"அரிக்குதா?"

"இல்ல."

"செருப்பைக் கழட்டுங்க."

பாதத்திலும் அதே புள்ளிகள்.

"சேலையைக் காலாலயா தம்பி மடிக்கிறீங்க?"

சிரிக்கப் பார்த்தவர், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். உள்ளே உட்காரவைத்துச் சொன்னேன். "இது சிஃபிலிஸா இருக்கலாம், உடலுறவுல தொத்துற நோய். அந்தப் புண்ணு என் களிம்பால ஆறல, அது தானா ஆறும். நோய் ரத்தத்துல இருக்கும். இந்தப் புள்ளியும் தானா மறையும். அப்புறம் வருஷக்கணக்கா சத்தமே இருக்காது, உள்ள மூளை, இதயம்னு கெடுத்துக்கினு இருக்கும். இப்ப புடிச்சா ஊசியிலயே குணமாயிடும்."

அவர் தன்னைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. "வயித்துல இருக்க பிள்ளைக்கு?" என்றார்.

வியாபார நேரத்தில் ஷட்டரை இறக்கி, அவரை ஆட்டோவில் அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். ரத்தப் பரிசோதனையில் உறுதியானது. பென்சிலின் ஊசி போட்ட டாக்டர், "மனைவியை உடனே கூட்டிட்டு வாங்க. தள்ளிப்போட்டா குழந்தைக்கு ஆபத்து" என்றார். செல்வம் வீட்டில் சொல்வாரா மாட்டாரா என்று நான்கு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஐந்தாம் நாள் அவர் மனைவி தனியாகக் கடைக்கு வந்தார். கண் வீங்கியிருந்தது. மருத்துவமனைக்குப் போனதாகவும், தனக்கும் ரத்தத்தில் இருந்ததாகவும், ஊசி போட்டாயிற்று என்றும் சொன்னார்.

"களிம்பு குடுத்தது நீங்கதானா?"

"ஆமாம்மா."

"அவரு எனக்குச் செஞ்சதுக்கு அவருகிட்ட பேசிக்கிடுதேன். நீங்க அன்னிக்கே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லா?"



சில மாதங்களில் அவர்களுக்குப் பெண் குழந்தை பிறந்தது. பரிசோதித்துவிட்டு நன்றாக இருக்கிறது என்றார்கள். செல்வம் போனில்தான் சொன்னார். இந்தமுறை மிட்டாய் வரவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை.

இப்போது யாராவது ஓரத்தில் நின்று சோப்பு விலை பார்த்தால், நானே அவர் பக்கம் நகர்ந்துபோய்த் தாழ்ந்த குரலில் கேட்கிறேன்: "புண்ணு வலிக்குதா?" இல்லை என்று சொன்னால், களிம்பை எடுப்பதில்லை. மருத்துவமனைக்கு வழி சொல்கிறேன்.